மகுடத்துக்கு முன்னால் நிறுத்து

பாலவோர் தீவு,
14 நவம்பர் 1979

அன்புள்ள தம்பி ரூரிக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ சுகமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று குளிர்காலத்துக்கான ஆடுகளை அறுத்தோம். உன் அத்தான் ஹெக்டர் காலைப் பிடித்துக்கொண்டார். என் கொழுந்தன் லாக்லன் கத்தி போட்டான். நான் மண்டி போட்டு அண்டாவில் ரத்தம் பிடித்தேன். உறைந்துவிடாமல் கையை விட்டுக் கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், நீ நம் வீட்டில் பார்த்ததுதான். கடல் நிலவரம் கேட்பதற்காக ஜன்னலில் ரேடியோ வைத்திருந்தோம். நிலவரம் முடிந்ததும் கிளாஸ்கோவிலிருந்து யாரோ புது வாத்தியக் கூட்டம் வாசிக்கிறார்கள் என்றான் அறிவிப்பாளன். முதலில் ஒரு சாக்ஸபோன் எழுந்தது. பிறகு ஒரு மேளம். உண்மையை மறைத்தால் பாவம்: எனக்குப் பிடித்திருந்தது. அண்டாவுக்குள் என் கை அந்தத் தாளத்துக்குத்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

அப்புறம் தோல்பையும் குழலுமாகப் பேக்பைப் வந்தது. இரண்டு சுற்று போவதற்குள் யாருடைய விரல் என்று தெரிந்துவிட்டது. நாலாவது சுற்றில் என்ன பாட்டு என்றும் தெரிந்துவிட்டது.

லாக்லன் கத்தியை நிறுத்தினான். "அண்ணி, இது உங்க வீட்டுப் பாட்டுதானே?"

"அணைச்சிடறேன், கையெல்லாம் ரத்தம், ஒரு நிமிஷம்."

"விடுங்க. உங்க தம்பி எதுவரைக்கும் போறான்னு பாப்போம்."

நீ நிறுத்தாமல் போனாய்.

நம் அப்பா அதை எப்படி வாசித்தார் என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? முதல் பகுதி படகுகள் சேர்வது. நடுப்பகுதி வெட்டுவது. கடைசியில் வரும் மகுடம், விரல்கள் படபடவென்று பொரிகிற அந்த வேகம், அது நெருப்பு. நம் முன்னோர் என் புகுந்த வீட்டாருடைய முன்னோரைத் தொழுவத்துக்குள் தள்ளி, வெளியே தாழிட்டு, கூரைக்குத் தீ வைத்துவிட்டு, எரிவதைக் கேட்டுக்கொண்டே கட்டிய பாட்டு. முந்நூறு வருஷம் ஆனாலும் ஊர் இன்றைக்கும் நம்மைக் குழல்வீட்டார் என்றும் இவர்களைக் கரிவீட்டார் என்றும்தான் சொல்கிறது. ஆனால் கரிவீட்டு ஆள் ஒருவர் காதுக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும் அப்பா மகுடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். என் கல்யாணத்தன்று கோயில் வாசலில் வரிசையாக நின்ற இவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்த இடம் வந்ததும் பையைத் தோளிலிருந்து இறக்கினாரே, மறந்துவிட்டாயா? அந்த ஒரு நிறுத்தத்துக்காகத்தான் இவர்கள் என்னை மருமகளாக உள்ளே விட்டார்கள்.

ரேடியோவுக்குக் கண் கிடையாது, தம்பி. யார் கேட்கிறார்கள் என்று அது திரும்பிப் பார்க்காது. பார்க்க வேண்டியவன் நீ.

மகுடம் தொடங்கியதுமே லாக்லன் கோடரியின் பின்பக்கத்தால் ரேடியோவை அடித்து நொறுக்கினான். அதுவும் போதாமல் அறுத்த ஆட்டையே குத்தினான், குத்தினான், தோல் எதற்கும் உதவாமல் போகும் வரை. உன் அத்தான் ஆட்டின் காலை விட்டுவிட்டு ஒதுங்கினார். மாமியார் பெய்கி மட்டும் வாசற்படியில் நின்று, "அவ்வளவுதானா, இன்னும் இருக்கா?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை.

சபை மூப்பர் மேளம் சாத்தானுடையது என்பார். அது என் வழக்கு இல்லை. என் வழக்கு மகுடம்.

உன் அக்கா,
மார்சலி


கிளாஸ்கோ,
3 டிசம்பர் 1979

அக்கா,

லாக்லனிடம் நான் சொன்னதாகச் சொல்: செத்த ஆட்டைக் குத்த ஆம்பிளை தேவையில்லை.

நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆனால் உனக்குப் பிடித்திருந்தது என்று நீயே எழுதிவிட்டாய். அந்த வரியை மட்டும் ஆர்ச்சிக்குப் படித்துக் காட்டினேன். "உங்கக்காவுக்கு நல்ல காது"ன்னான். ஆர்ச்சிதான் சாக்ஸபோன். பகலில் கப்பல் பட்டறையில் ஆணி அடிப்பவன், சாயங்காலம் ஜாஸ். மீன்கடைக்கு மேலே ஒரு அறையில் ஒத்திகை செய்கிறோம். எங்கள் கோட்டுகூட வறுத்த மீன் வாசம் அடிக்கும்.

முதல் வாரமே எனக்கும் அவனுக்கும் கைகலப்பு. பைப்பின் சுருதி யாருக்காகவும் இறங்கி வராதே. அவன் ஊதுவாயை உள்ளே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "உன் ஆட்டுத்தோல் பையை நீயே ஊதிக்கோ"ன்னான். நான் ஒன்று விட்டேன். அவன் இரண்டு விட்டான். எனக்கு ஒரு பல் ஆடுகிறது, அவன் உதட்டில் தையல். எங்கள் மேளக்காரன் பல்பீர்தான் எங்கள் இரண்டு பேர் தலைமுடியையும் பிடித்துப் பிரித்தான். "டேய், ரெண்டு பேரும் ஒரே சாமியைக் கும்பிடறவனுங்கதானேடா?" என்று கேட்டான். "இல்ல!" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். ஆர்ச்சி கத்தோலிக்கன். பல்பீர் சிரித்த சிரிப்பில் கீழே மீன்கடைக்காரன் விளக்குமாற்றால் கூரையைத் தட்டினான்.

பல்பீர் பஞ்சாபி. நகராட்சி பஸ் ஓட்டுகிறான். நீ கேட்ட மேளம் அவனுடைய டோல். நான் அப்பா சொல்லித்தந்தபடி பாட்டை முதலில் வாயால் சொன்னேன், ஹியன் ட்ரோ ஹாரின் ட்ரோ என்று. அவன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, தன் பாஷைச் சொல்லால் தா கே நா என்று திருப்பிச் சொன்னான். அக்கா, என் முதுகு சிலிர்த்துவிட்டது. எங்கோ பிரிந்து போன பெரியப்பா மகனைப் பார்த்த மாதிரி இருந்தது. இது என்ன பாட்டு என்று கேட்டான். "ஏதோ பழைய சண்டை"ன்னேன். போதாதா?

மகுடம் வரும்போது கூட்டம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறது. ஆடுகிறார்கள். பெண்பிள்ளைகள் செருப்பைக் கழற்றி வீசுகிறார்கள். முந்நூறு வருஷமாக யாரும் ஆடாத பாட்டு இது. நெருப்பு எப்போதோ அணைந்துவிட்டது. மிச்சம் இருப்பது தாளம். அதையும் தொடக்கூடாது என்றால், நான் என்ன கல்லறைக்கா வாசிப்பது?

இன்னொன்று. ஏப்ரலில் பாலவோர் மண்டபத்தில் வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை பிற்பகல். ஓய்வுநாளுக்கு முன்னால் முடித்துவிடுவோம், உன் மூப்பரிடம் சொல். ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ரூரி


பாலவோர்,
9 பிப்ரவரி 1980

தம்பி,

உன் கடிதத்தை இத்தனை நாள் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். பதில் எழுத உட்கார்ந்தால் வசையாக வந்தது. ஜெபம் பண்ணிவிட்டு எழுதுகிறேன்.

வா. வரவேண்டாம் என்று சொல்லவில்லை. ஆர்ச்சிக்கும் அந்தப் பஞ்சாபித் தம்பிக்கும் என் வீட்டில் சாப்பாடு உண்டு. ரத்தப் புட்டு அவர் சாப்பிடுவாரா என்று கேட்டு எழுது, இல்லாவிட்டால் மீன் செய்கிறேன். ஆனால் மகுடம் வேண்டாம்.

நெருப்பு அணைந்துவிட்டது என்று எழுதினாய். இந்த வீட்டில் பதினோரு வருஷம் குடித்தனம் செய்தவள் சொல்கிறேன், கேள். இந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் வெளித்தாழ்ப்பாள் கிடையாது. தொழுவத்துக்குக் கிடையாது, கோழிக்கூட்டுக்கும் கிடையாது. வந்த புதிதில் நானே கடையிலிருந்து ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்து கூட்டில் ஆணி அடித்தேன். நீர்நாய் வந்து வாரத்துக்கு ஒரு கோழியைக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. உன் அத்தான் குறடு எடுத்து வந்து ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கினார். "உள்ளே உசிரு இருக்கிற கதவை வெளியே இருந்து சாத்தக்கூடாது, மார்சலி" என்றார். அன்றையிலிருந்து கோழி போவதை நான் குடும்பச் செலவாக எழுதிக்கொள்கிறேன்.

லாக்லன் உன் வருகையைக் கேட்டதிலிருந்து கடற்கரையில் தனியாகத் திரிகிறான். போன வாரம் மதுக்கடையில் எவனோ ரேடியோவில் வந்த மகுடத்தை மேஜையில் தட்டிக் காட்டியிருக்கிறான், கேலிக்குத்தான். லாக்லன் அவன் முகத்தை அதே மேஜையில் வைத்து அழுத்தினான். மூக்கு உடைந்தது. போலீஸ் வந்து போனது.

இன்னும் ஒன்று, ஆண்களிடம் நான் சொல்லாதது. மாமியார் பெய்கி பால் கறக்கும்போது கேட்டார்: "அந்தக் கடைசித் துண்டு எப்படி இருக்கும், உனக்குத் தெரியுமில்ல?"

"உங்களுக்கெதுக்கு அத்தை அது?"

"எங்க கதைதானே? எல்லாப் பயலும் எங்க மூஞ்சியைப் பாத்ததும் பாதியில நிறுத்திடுறான். மரியாதையாம். எழுபது வயசாச்சு. எங்க சாவோட முடிவை நாங்களே கேட்டதில்லை."

நான் பால் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். நீ நிறுத்து, அது போதும்.

மார்சலி


கிளாஸ்கோ,
1 மார்ச் 1980

அக்கா,

சரி. பல்பீருக்கு மீன்.

அப்பாவின் வழக்கம் என் எலும்பிலும் இருக்கிறது. மகுடத்துக்கு முன்னால் மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்ப்பேன். கரிவீட்டு முகம் ஒன்றே ஒன்று தெரிந்தாலும் பையை இறக்கிவிடுவேன். ஒருவரும் இல்லை என்றால் வாசிப்பேன். அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். அது என் வாக்கு.

லாக்லனை அன்று படகில் ஏற்றிக் கடலுக்கு அனுப்பிவிடு.

ரூரி


பாலவோர்,
29 ஏப்ரல் 1980

ரூரி,

மாமியார் வெள்ளிக்கிழமை காலமானார். புகை நுரையீரலில் இறங்கிவிட்டது, இதயமும் தாங்கவில்லை என்றார் டாக்டர். நேற்று அடக்கம் பண்ணினோம். நம் வீட்டிலிருந்து யாரும் பைப் வாசிக்க வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டார்கள்.

உன் வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று ஆர்ச்சி எழுதியிருந்தான். இனி அடிச்சுரத்துத் துளைகளை உன்னால் மூடமுடியாது என்றும். அழுதேன். அழுதுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ அழுவதற்காக அல்ல, தெரிந்துகொள்வதற்காக.

அன்று நான் மண்டபத்துச் சமையலறையில் மற்றப் பெண்களோடு தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன். பாதிப் பாட்டில் பின்கதவு வழியாக மாமியார் வந்தார். கம்பளிச் சால்வையைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, கெண்டிக்குப் பக்கத்தில், உன் கண்ணுக்குப் படாத மூலையில் பெட்டி மேல் உட்கார்ந்தார். "சொல்லாதே. சொன்னா உன் தம்பி நிறுத்திடுவான்" என்றார். மற்றப் பெண்கள் தட்டுகளோடு மண்டபத்துக்குள் போய்விட்டார்கள். நான் பரிமாறும் ஜன்னலில் நின்றேன்.

லாக்லன் கடலுக்குப் போகவில்லை. மண்டபத்து வெளி ஜன்னலில் நின்றிருக்கிறான். போலீஸ் காவலில் அவன் உன் அத்தானிடம் சொன்னது இது: "அண்ணி உள்ளே நின்னாங்க. அவன் சுத்திப் பாத்தான். அண்ணியைப் பாத்தான். நிறுத்திடுவான்னு நினைச்சேண்ணே. நிறுத்தியிருந்தா வீட்டுக்கு வந்திருப்பேன்."

நீ என்னைப் பார்த்தாய், ரூரி. நேருக்கு நேர். சிரிக்கவும் சிரித்தாய். சிரித்துவிட்டு மகுடத்தை எடுத்தாய்.

நான் யார் என்று நினைத்தாய்? பதினோரு வருஷமாக நான் எந்த வீட்டுச் சோறு பொங்குகிறேன்? எந்த வீட்டுப் பெயரில் ஞானஸ்நானம் வாங்கின பிள்ளைகளைப் பெற்றேன்?

அந்தத் தாளத்தில் மண்டபமே எழுந்து ஆடியது. வாசலில் துடுப்பு செருகிய சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. வெளித்தாழ்ப்பாள் போடாத வீட்டுப் பிள்ளை முன்கதவின் கைப்பிடியில் துடுப்பைச் செருகினான், சமையலறைக் கதவை வெளியே தாழிட்டான், ஈர வைக்கோலில் மண்ணெண்ணெய் ஊற்றிப் படியில் கொளுத்தினான். கொல்ல நினைக்கவில்லையாம். "அவங்களும் ஒரு தடவை உள்ளே இருந்து கேக்கட்டும்"னுதானாம். புகை கதவின் அடியில் வழிந்து வந்தது. ஒரு கணத்தில் ஆட்டம் கூச்சலாகிவிட்டது. மனிதர் மேல் மனிதர் ஏறினார்கள். சமையலறையில் நானும் மாமியாரும். கெண்டி கவிழ்ந்து என் முழங்கால் வெந்துபோயிற்று. அவர் இரண்டு கையாலும் கதவை அடித்து, "லாக்லன்! டேய் லாக்லன்! நான்டா!" என்று கத்தினார். வேறு யார் இதைச் செய்வார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை.

கதவு திறந்தது. அவன் முகத்தை நான் மறக்கமாட்டேன். நான் உள்ளே இருப்பது தெரிந்துதான் பூட்டினான். தாயார் இருப்பதுதான் தெரியாது. தாயாரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். என்னைத் தாண்டித்தான் ஓடினான்.

நீயும் என்னைப் பார்த்தாய், அவனும் என்னைப் பார்த்தான். நீ உன் வீட்டாள் என்று நினைத்து வாசித்தாய். அவன் உன் வீட்டாள் என்று நினைத்துப் பூட்டினான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் எந்த வீட்டுக்காரி?

மார்சலி


கிளாஸ்கோ, ஆஸ்பத்திரி,
20 மே 1980

அக்கா,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

உன்னைப் பார்த்தேன். ஆமாம். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தேன். ஒரு கரிவீட்டு முகமும் இல்லை என்று நினைத்தேன். ஜன்னலில் நீ. என் அக்கா. நம் ஆள். அவ்வளவுதான் தோன்றியது. நீ கேட்ட கேள்விக்கு என்னிடம் வேறு பதில் இல்லை. கல்யாணத்தன்று அப்பா கடைசியாகப் பார்த்தது உன் முகத்தை. உன்னைப் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்கினார். இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

புகையில் ஒன்றும் தெரியவில்லை. கதவு அரை சாண் திறந்தது, அதற்கு மேல் துடுப்பு. இடுக்கில் கையை விட்டுத் துடுப்பை மேலே நெம்பினேன். வெளியே அவன் மண்வெட்டியை ஓங்கினான். முதல் அடியிலேயே விரல் போய்விட்டது. அப்புறமும் அடித்தான். இரண்டாவது அடியைத்தான் நான் கனவில் கேட்கிறேன். வெட்டுகிற சத்தம் இல்லை அக்கா. பாதித் தாளம் மாதிரி ஒரு சத்தம். பிறகு யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், அடி நின்றது. கூப்பிட்டது உன் மாமியார் என்று உன் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

ஜன்னல் சட்டத்தை பல்பீர் டோலை வைத்து இடித்து உடைத்தான். டோல் உடைந்தது, சட்டமும் உடைந்தது. ஆர்ச்சி பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்தான்.

பல்பீர் போன வாரம் வந்தான். "ஏதோ பழைய சண்டைன்னு சொன்னியே. என்ன சண்டை?" என்று கேட்டான். எல்லாம் சொன்னேன். தொழுவம், வெளித்தாழ்ப்பாள், கூரைத் தீ. அவன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. நாற்பத்தேழில் அவனுக்கு ஏழு வயசு. அவனுடைய அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு சந்து வழியாக ஓடினாளாம். இரண்டு பக்கமும் வீடுகள் எரிந்தன. ஒவ்வொரு கதவும் வெளியே தாழிட்டிருந்தது. உள்ளே இருந்து தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே ஓடினார்களாம்.

"அந்தத் தட்டலுக்கு என் கையாலயே தாளம் போட வச்சிட்டியேடா" என்றான்.

கன்னத்தில் அறைந்தான். இரண்டு கன்னத்திலும். நர்ஸ் ஓடி வந்தாள். அவன் அவளை நகரச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆறிப்போன சூப்பைக் கரண்டி கரண்டியாக எனக்கு ஊட்டினான். முடித்ததும் வாயைத் துடைத்துவிட்டு, பஸ் நேரமாகிவிட்டது என்று போய்விட்டான்.

இப்போது கேட்க வேண்டியது ஒன்று. தீ விபத்து பேப்பரில் வந்ததிலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டு லண்டன் கம்பெனிக்காரன் ஆள் அனுப்புகிறான். ரேடியோவுக்காக வாசித்த ஒலிநாடா இருக்கிறது. இசைத்தட்டாகப் போடவேண்டுமாம். மகுடத்தோடு. மகுடம் இல்லாவிட்டால் வேண்டாமாம். என் விரல்கள் அதில் இருக்கின்றன. பத்து விரலும். இனி எங்கேயும் இருக்காது. அதனால் எனக்கு ஆசை இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆர்ச்சி போடு என்கிறான். பல்பீர் உன் இஷ்டம் என்கிறான், என் முகத்தைப் பார்க்காமல்.

என் இஷ்டம் இல்லை இது. கரிவீட்டுப் பெண்மணி மார்சலி அம்மாவிடம் கேட்கிறேன். போடலாமா?

ரூரி


பாலவோர்,
8 ஜூலை 1980

அன்புள்ள தம்பி ரூரிக்கு,

உன் கோணல் எழுத்தை உன் அத்தானுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரிக்கு வந்ததும் இன்னொரு தரம் வாசி என்றார். வாசித்தேன். எழுந்து வெளியே போய்விட்டார்.

போன வாரம் இன்வர்னெஸ் கோர்ட்டுக்குப் போய்ச் சாட்சி சொன்னேன். லாக்லனின் வக்கீல் கேட்டார்: "அம்மா, நீங்க குழல்வீட்டுப் பொண்ணு. உங்க தம்பிக்குக் கை போச்சு. அந்த ஆத்திரத்துலதானே பேசுறீங்க?" சத்தியம் பண்ணிய கையை இறக்காமல் சொன்னேன், "செத்துப்போனது என் மாமியார் ஐயா. கூண்டுல நிக்கிறது என் கொழுந்தன். நான் அந்த வீட்டுக்காரி. அதனாலதான் உள்ளதைச் சொல்ல வந்தேன்." லாக்லன் தலை நிமிரவில்லை. எட்டு வருஷம் கொடுத்தார்கள். தாயார் அடக்கத்துக்கு அவனை விலங்கோடுதான் கொண்டுவந்தார்கள். அன்று அவன் குழிக்குள் குதித்துவிட்டதையும், உன் அத்தானும் போலீஸ்காரரும் சேர்ந்து அடித்து இழுத்து மேலே ஏற்றியதையும் உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். எழுதிவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில். மாமியாருக்குப் பேச்சு வந்த கடைசி நாள் நான்தான் கட்டிலருகில் இருந்தேன். "கேட்டீங்களே அத்தை, எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. வெகுநேரம் மூச்சு இழுத்தார்.

"நல்லாத்தான் இருந்துச்சு, மார்சலி. காலு தானா ஆடிச்சு. அதுதான் எனக்கு ஆத்திரம்."

அண்டாவில் சுற்றின என் கை ஞாபகம் வந்தது. அந்த ஆத்திரம் எனக்கும் தெரியும். அது பாட்டு மட்டமாக இருந்தால் வராது. உங்கள் வாசிப்பு நன்றாக இருந்ததால்தான் வந்தது. ஆகவே ஜாஸ் கலந்ததையும் டோல் சேர்த்ததையும் நான் குற்றம் சொல்லமாட்டேன், யாரையும் சொல்லவும் விடமாட்டேன்.

ஆனால் இசைத்தட்டு வேண்டாம். இசைத்தட்டுக்கும் கண் கிடையாது. எந்த ஊரில் எந்தக் கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று அது பார்க்காது. உன் பல்பீரின் அம்மா மாதிரி ஒருத்தி கேட்டுவிட்டால் அது நிறுத்தாது. உன் பத்து விரலும் அதில் இருப்பது எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்துதான் சொல்கிறேன். ஒலிநாடாவைக் கொண்டு வா. என் அடுப்பில் போடுவோம். நீயே போடு.

போட்டபின் நீ பாடு. விரல் போனாலும் வாய் இருக்கிறதே. அப்பா சொல்லித்தந்த ஹியன் ட்ரோவை முதலிலிருந்து சொல், ஆர்ச்சி கூடவே ஊதட்டும். படகு, வெட்டு, எல்லாம் சொல். மகுடத்துக்கு முன்னால் நிறுத்தி, சமையலறையை ஒரு சுற்றுப் பார். நானும் உன் அத்தானும் உட்கார்ந்திருப்போம். எங்கள் முகத்தைப் பார்த்துக் கேள். நாங்கள் சரி என்றால் சொல். இல்லை என்றால் தேநீர் குடிக்கலாம். முந்நூறு வருஷமாக உங்கள் வீட்டார் எங்களைப் பார்த்தார்கள், நிறுத்தினார்கள். ஒருவரும் எங்களைக் கேட்கவில்லை. மாமியார் அதைத்தான் சொன்னார் என்று இப்போது நினைக்கிறேன். பல்பீர் வருவாரா என்று தெரியவில்லை. வந்தால் மேளம் வேண்டாம், வெறும் கையோடு வரட்டும். மீன் இருக்கும்.

இன்னும் ஒன்று எழுதிவிட்டு முடிக்கிறேன். கோர்ட்டிலிருந்து வந்த மறுநாள் உன் அத்தான் கடைக்குப் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கி வந்தார். கோழிக்கூட்டுக் கதவில், வெளியே, நாலு ஆணியில் அடித்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "இனிமே நமக்கென்ன, மார்சலி" என்றார். "நம்மளும் சாத்தத் தெரிஞ்ச ஆளுங்கதான்."

அவர் படுக்கப் போனபின் நான் கூட்டுக்குப் போய் அந்தத் தாழைத் திறந்துவிட்டு வருகிறேன், தினமும். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். நேற்று நீர்நாய் ஒரு கோழியைக் கொண்டுபோய்விட்டது. நல்ல முட்டைக்கோழி. செலவில் எழுதிக்கொண்டேன்.

உன் அக்கா,
கரிவீட்டு மார்சலி